வெட்டு உத்தரவு வந்த வாரம்

அந்தக் காகிதத்தின் நிறம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. ரோஸ் என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. வெயிலில் காயப்போட்டு மறந்துபோன ரவிக்கைத் துணியின் நிறம். கார்பன் வைத்து எழுதியதால் எழுத்துகள் ஊதாவாகப் பரவியிருந்தன. சர்க்கரை ஆலை எங்களுக்குக் கொடுத்த கரும்பு வெட்டு உத்தரவு அது. அதன் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை அதைக் கொண்டுவந்த ஆலை ஃபீல்டுமேன் பிடித்திருந்தார். கொடுக்க வந்த மனிதர் கையை எடுக்கவில்லை. "வாங்கிக்கங்கம்மா. ஆனா இப்ப வெட்டாதீங்க" என்றார். ஆறு மாதம் நடையாய் நடந்து வாங்கிய காகிதத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். நான் இழுத்தேன். அவர் விட்டுவிட்டார்.

கரும்பு போட்டவர்களுக்கு இந்த உத்தரவின் அருமை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆலையில் பதிவு செய்த கரும்பை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நட்ட தேதி வரிசைப்படி ஆலை உத்தரவு கொடுக்கும், அதில் போட்ட தேதிக்குள் வெட்ட வேண்டும், ஆலை லாரி வந்து ஏற்றிப் போகும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டுறவு ஆலை என்பது பெயருக்குத்தான். எந்தக் கட்சி கோட்டையில் இருக்கிறதோ அந்தக் கட்சிக்காரன் தோட்டத்துக் கரும்பு முதலில் முற்றும். எங்கள் மாமனார் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். வேட்டிக்கரையைப் பார்த்தே கோட்ட அலுவலகத்தில் நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். எங்களுக்கு நான்கு மாதம் பின்னால் நட்டவர்கள் வெட்டி, அடிக்கட்டையை மறுபடி துளிர்க்கவும் விட்டுவிட்டார்கள். எங்கள் கரும்பு பூத்து, பூவும் உதிர்ந்து, தோகை காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. உள்ளே சாறு வற்றி நெட்டி விழ ஆரம்பித்திருந்தது.

எனக்கு அது வெறும் கரும்பு இல்லை. என் வீட்டுக்காரர் அப்போது பம்பாயில் ஒரு கம்பெனி கேண்டீனில் இருந்தார். அதற்கு முந்தைய பட்டத்தில் பயிர் போய், மனசு வெறுத்துப் போனவர். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: இந்தக் கரும்பு நல்லபடியாக ஆலைக்குப் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், போகாவிட்டால் நிலத்தைப் பற்றி என்னிடம் இனிமேல் பேசாதே. எனக்கு வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவரோடு இருந்த நாட்களை ஒரு காலண்டரிலேயே அடக்கிவிடலாம். கிணற்று மேட்டுக் கரும்புக்குள் போய் நிற்கும்போதெல்லாம் அவர் ரயிலில் ஏறிவிட்டது போலவே நினைத்துக்கொள்வேன்.

ஃபீல்டுமேன் ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். ஆலையில் நிரந்தரப் பணியாளர் இல்லை, சீசனுக்கு எடுக்கும் ஆள். ஒல்லியாக, உயரமாக, சைக்கிளில் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரைத் தொடும். கரும்பை ஒடித்து ஒரு சொட்டுச் சாற்றைச் சர்க்கரை அளக்கும் கருவியில் விட்டு வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு அதை நம்பாதவர்போல அதே கரும்பைக் கடித்து மென்று துப்புவார். யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டார், மோர்கூட வாங்க மாட்டார். மற்ற ஃபீல்டுமேன்களுக்கு எங்கள் ஊரில் கோழி அடிப்பார்கள். இவர் தண்ணீர் பாட்டிலை அவரே கொண்டுவருவார். ஊரில் சிலர் இதைப் பார்த்து நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரன் ஒரு கை கூடுதலாக ஊற்றினால் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தான் என்று யோசிக்கிறவள் நான். சின்னதாக வாங்காதவன் எங்கேயோ பெரிதாக வாங்குகிறான் என்றுதான் அவரைப் பற்றி நினைத்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். "இன்னா சார் சொல்றீங்க? ஆர்டரக் கையில குடுத்துட்டு வெட்டாதன்னா?" என்று கேட்டேன்.

"பத்து நாளு கம்முனு இருங்கம்மா. தேதி தாண்டினா நான் புதுசாப் போட்டு வாங்கித் தர்றேன். இப்ப வெட்டிப் போட்டா லாரி வராது."

"ஏன் வராது?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ரோடு இருக்காதும்மா" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊர் ஊராக உட்கார்ந்திருந்த எங்கள் சனங்களின் பிள்ளைகள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. சாலை மறியல் என்று அந்த வாரத்துக்கு அறிவித்தும் இருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை அறிவிப்பு வந்து, காலையில் கோஷம் போட்டு, மதியம் வேனில் ஏற்றி, சாயங்காலம் மண்டபத்திலிருந்து விட்டுவிடுவதாக முடிந்திருந்தது. மாமனார் சாதிச் சங்கத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர். அவருக்கு அவர் கட்சிதான் சாதி. "இவனுங்க ஒரு நாளு கத்திட்டு வூட்டுக்குப் போயிடுவானுங்க. நீ ஆளப் பாரு" என்றார். உத்தரவில் போட்டிருந்த தேதிக்குள் வெட்டாவிட்டால் அது அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் கரும்பு. இதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. உத்தரவையும் கொடுத்து, வெட்டவும் விடாமல் செய்து, அதை வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோகிற வேலை இது. மோர் குடிக்காதவனின் விலை இதுதான் என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் என் புத்தியை மெச்சினார்.

கல்வராயன் மலையிலிருந்து வெட்டாட்கள் இறங்கி வந்தார்கள். வருடா வருடம் வருகிறவர்கள். பாய், சட்டி, குழந்தைகளோடு வந்து களத்து மேட்டில் தங்கி, விடியலில் கத்தியைத் தூக்கினால் வெயில் ஏறுவதற்குள் அரைக் காணியைப் படுக்க வைத்துவிடுவார்கள். இரண்டாம் நாள் பாதிக்கு மேல் வெட்டியாயிற்று. நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது வரப்பில் ஃபீல்டுமேன் நின்று வெட்டு மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "இத்தோட நிறுத்துங்கம்மா. நிக்கறதாவது உசுரோட நிக்கட்டும். நின்ன கரும்பு ஒரு மாசம் தாங்கும், படுத்த கரும்பு நாலு நாளு தாங்காது." எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் நிலத்தில் நின்று என் ஆட்களையே தடுக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "உங்க வேல ஆர்டர் குடுக்கறது. குடுத்துட்டீங்க இல்ல, போங்க சார்" என்றேன். போய்விட்டார். மேஸ்திரியிடம் நாளைக்குள் முழுவதையும் முடிக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நான் செய்ததை மாமனார் செய்ததாகச் சொல்லித் தப்பிக்கலாம், அவர் இப்போது இல்லை. ஆனால் யோசனை என்னுடையது. எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடுதாசி எழுதாத கட்சிக்காரர் கிடையாது. தாலுகா ஆபீசுக்கு, போலீசுக்கு, ஆலைக்கு, யாருக்குப் பிடிக்காத யாரைப் பற்றியும் பெயர் போடாமல் எழுதிவிடுவார்கள். மாமனாரைப் பற்றியே நாலைந்து போயிருக்கிறது. அவரும் சும்மா இருந்தவர் இல்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், எழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால் இடது கையால் எழுதினேன். ஆலையின் நிர்வாக அதிகாரிக்கு. இரண்டே வரி. 'இந்தக் கோட்டத்து ஃபீல்டுமேன், உத்தரவு பெற்ற விவசாயிகளைக் கரும்பு வெட்ட வேண்டாம் என்று தடுத்து வருகிறார். அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை விசாரிக்க வேண்டுகிறோம்.' கீழே 'பாதிக்கப்பட்ட விவசாயிகள்' என்று பன்மையில் போட்டேன். பன்மையில் போட்டால்தான் பயப்படுவார்கள். இரண்டாவது வரியை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. இருட்டுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்தபோது சாலையில் சத்தமே இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் வரவில்லை, சின்னசேலம் பஸ்ஸும் வரவில்லை. ஊருக்கு வடக்கே இரண்டு புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. அதற்கு அப்பால் இன்னும் நான்கு என்றார்கள். பாலம் ஒன்றின் ஓரத்தைத் தோண்டிவிட்டார்கள் என்றார்கள். லாரி வருமா என்று கேட்கப் போன மாமனாரை அடிமரத்தருகே நின்ற பையன்கள் "தாத்தா, ஒரு வாரம் ஆவும். வூட்டுக்குப் போங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர் திரும்பி வருவதற்குள் எங்கள் மிச்சக் கரும்பும் படுத்துவிட்டது. ஒரு கழி நிற்கவில்லை.

மறியலின் மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, "புளிச்ச வாசன அடிக்குதுங்க" என்றார். தோகையை விலக்கி முகர்ந்து பார்த்தேன். கள் இறக்கிய பானை வாசனை. வெயில் அப்படி அடித்தது. கட்டுகளின் மேல் தோகையைப் போட்டு, கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். வெல்லம் காய்ச்சுகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தலையை ஆட்டினார், "பாகு புடிக்காது, கூழாத்தான் நிக்கும்" என்றார். நான்காம் நாள் மலை ஆட்கள் பாயைச் சுருட்டினார்கள். என்னிடம் கூலியைக் கேட்கக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. வீட்டில் இருந்த கேழ்வரகை அளந்து கொடுத்தேன். வரப்பு வழியாகவே மலையைப் பார்த்து நடந்து போனார்கள். வடக்கே சில ஊர்களில் போலீஸ் சுட்டு உயிரே போய்விட்டது என்று அவ்வழியாக நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு முன்னால் என் கரும்பு எந்த மூலை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் அழுதது கரும்புக்காகத்தான்.

அந்த ஐந்தாம் நாளைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பஸ் ஓடாததால் தபால் பையும் போகவில்லை. எங்கள் ஊர் கிளைத் தபால் நிலையம் என்பது போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்னறைதான். பையைக் கட்டி, அரக்கு வைத்து, சுவர் ஆணியில் மாட்டியிருந்தார். அதற்குள்தான் என் கடுதாசி இருந்தது. அந்த மனிதர் சொன்னது ஒவ்வொன்றும் நடந்துவிட்டது. ரோடு இல்லை, லாரி இல்லை, படுத்த கரும்பு நாலு நாள் தாங்கவில்லை. என்னைத் தவிர அந்த ஊரில் அவர் வேறு யாரிடமும் இரண்டு முறை வந்து கெஞ்சியதாகவும் தெரியவில்லை. நான் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னாம்மா வேணும்?" என்றார். திருப்பிக் கேட்க வேண்டுமானால் அதை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். பெயர் போடாத கடுதாசியை எந்தப் பெயரைச் சொல்லி வாங்குவது? அது மட்டும் காரணம் இல்லை, பொய் சொல்லக் கூடாது. அப்போதும் எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது: இவ்வளவு துல்லியமாக இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? மரம் வெட்டியவர்களோடு சேர்ந்தவனாக இருந்தால்? ஒரு சந்தேகம் பொய்யாகப் போனால் இன்னொன்றை அதன் இடத்தில் உட்கார வைக்க எனக்கு அரை நிமிடம் போதும். "ஒரு இன்லண்டு லெட்டர் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு எழுத உட்கார்ந்து, அவர் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டேன்.

சாலை திறந்த மறுநாள் பை போனது. லாரி வந்தபோது ஆலை எங்கள் கரும்பை எடுக்கவில்லை. குப்பையாகக் குவித்து நெருப்பு வைத்தோம், அதுகூட ஈரத்தில் ஒழுங்காக எரியவில்லை. ஏன் அந்த வாரத்தில் அத்தனை உத்தரவுகள் வந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. மறியலால் ஆலை ஒரு நாழிகைகூட நிற்கவில்லை என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கிறது. அதற்காகக் கிடப்பில் கிடந்த உத்தரவுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மறியலைப் பற்றி விவசாயிகளிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று பணியாளர்களுக்கு வாய்மொழி உத்தரவு. எங்களைப் போன்ற எதிர்க்கட்சிக்காரர் கரும்பாகப் பார்த்துப் பொறுக்கினார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கரும்பு அந்த வாரம் வெட்டுப்படவில்லை என்பது மட்டும் தெரியும். சுற்று வட்டாரத்தில் பல தோட்டங்கள் எங்களைப் போலவே படுத்த பிறகு, இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்திருக்கிறது. உத்தரவு போட்டவர்கள் பொறுப்பேற்பார்களா? கோப்பில் ஒரு கடுதாசி தயாராக இருந்தது.

அடுத்த சீசனுக்குப் புது ஃபீல்டுமேன் வந்தார். முதல் நாளே காபி குடித்தார், சர்க்கரை கம்மி என்றார், கோழி எப்போது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பழையவர் எங்கே என்று கேட்டேன். "அவர எடுத்துட்டாங்கம்மா. போராட்டக்காரங்களுக்கு உளவு சொல்லி, வெட்டுறவங்களத் தடுத்து, ஆலைய நிறுத்தப் பாத்தாராம். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். சீசன் ஆளுதானே, என்கொயரி இன்னா பெரிய என்கொயரி" என்றார். காபி டம்ளரை வாங்கிக் கழுவினேன். அப்போதாவது ஆலைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பி வரப் பதினோரு வருடம் ஆயிற்று. வந்தபோது எங்கள் இருவருக்குமே பேசிப் பழக வேண்டியிருந்தது.

ஃபீல்டுமேனை அதற்குப் பிறகு நான் பார்த்தது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு. ஒரு திங்கட்கிழமை, பட்டாவில் பெயர் திருத்த மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மனுவுக்கு வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் முட்டி முன் நாற்காலியில் இடித்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஊர்ப் பெயரையும் மாமனாரையும் சொன்னதும் அவருக்கும் நினைவு வந்துவிட்டது. "கெணத்து மேட்டுக் கரும்பு. அவ்ளோவும் போச்சே உங்களுக்கு. நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டேன். தம்பி குடும்பத்தோடு நிலத் தகராறு, அளந்து கொடுக்கச் சொல்லி மனு என்றார். பிறகு அவராகவே சொன்னார். "என் வேல போனதே அந்தத் தம்பியாலதாம்மா. அவனும் அப்ப ஆலையில சீசன் ஆளு. நான் வெவசாயிங்களாண்ட சொல்லிக்கினு இருந்தது அவனுக்குத்தான் தெரியும். கடுதாசி போச்சி, என்ன எடுத்தாங்க. அதே வருசம் அவனுக்குப் பர்மனென்ட் ஆச்சி. வேற இன்னா அத்தாட்சி வேணும்?"

"அவர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா ஒத்துக்குவானா? அன்னியிலேர்ந்து அவன் வூட்டு வாசப்படி மிதிக்கல. போன தையில செத்துட்டான். நான் போவல."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல இடமும் நேரமும் எனக்கு இனி வராது என்று பட்டது. "உங்க தம்பி எழுதல சார். நான்தான் எழுதனேன். எடது கையால எழுதனேன்" என்றேன். அந்த இரண்டு வரிகளையும் அப்படியே ஒப்பித்தேன். போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தன்னிடம் அந்தக் கடுதாசியை யாரும் காட்டவே இல்லை என்றார். அதில் இரண்டு வரி இருந்ததா இருபது வரி இருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. என்னிடமும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவை எனக்கு நன்றாகத் தெரியும்.

"தம்பி பொண்டாட்டிய எப்பப் பாத்தீங்க?" என்றார்.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார். சத்தியமா."

"மனுவ வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் மாத்தி ஆள் அனுப்பிக்கினுதான் இருக்காங்க. செத்தவன நல்லவனாக்கிட்டா நான் எறங்கி வந்துடுவேன்னு பாக்கறாங்க." நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். "உங்களுக்கு இன்னா தர்றேன்னு சொன்னாங்கம்மா?"

மரியாதையாகத்தான் கேட்டார். பதிலுக்காகவும் காத்திருந்தார்.